வெல்ல நெல்லி

காட்டு நெல்லி சிறுத்துத்தான் இருக்கும். கடைகளில் பளபளக்கும் ஒட்டுரகத்தில் பாதிகூடத் தேறாது. துவர்ப்பும் புளிப்பும் அதில்தான் அடர்த்தி. ஜவ்வாது மலையின் புதூர்நாட்டிலிருந்து தை மாதத்தில் திருப்பத்தூருக்கு இறங்கிவரும் அந்தக் காய் எங்கள் வீட்டில் இனிப்பு ஊறுகாயாகும். ஆயா வேறு நெல்லியைத் தொடமாட்டார். வெல்லத்துக்கு ஈடுகொடுக்கக் காய்க்குத் திராணி வேண்டும் என்பார். இன்றும் நான் அவர் கட்சிதான்.

உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்தால் காறல் குறையும். மறுநாள் ஆவியில் வேகவைத்து, வரியோடு பிளந்து கொட்டையை எடுத்துவிட்டு, காய்க்குச் சம எடை வெல்லம். வெல்லத்தில் மண் இருக்கும், கரைத்து வடிகட்டியே ஊற்றவேண்டும். பாகில் காயைப் போட்டதும் எல்லாம் நீர்த்துப்போகும். பழக்கமில்லாதவர்கள் இங்கேதான் பதறுவார்கள். காய்க்குள் இருக்கும் நீரை இனிப்பு வெளியே இழுக்கிறது, அவ்வளவுதான். சிறுதீயில் அந்த நீர் வற்றவேண்டும், பாகு காய்க்குள் ஏறவேண்டும். இனிப்பு 65 விழுக்காட்டை எட்டிவிட்டால் பூஞ்சை எளிதில் வளராது. விரல்களுக்கிடையே கம்பியாக இழுபடும்போது ஆயா உருளியை இறக்குவார். இறக்கிய பிறகே மிளகாய்த்தூள், சுக்கு, வறுத்துப் பொடித்த வெந்தயமும் கடுகும், நல்லெண்ணெயில் பொரித்த பெருங்காயம். அடுப்பில் இருக்கும்போதே தூவினால் மிளகாய் கறுத்துவிடும்.

குஜராத்தில் மாங்காயைத் துருவிச் சர்க்கரையோடு கலந்து வெயிலிலேயே பாகாக்கும் சுந்தாவைப் பின்னாளில் சாப்பிட்டேன். இலங்கையின் மலாய் அச்சாற்றில் பேரீச்சம்பழமும் சின்ன வெங்காயமும் வினிகரில் ஊறும். எல்லாமே ருசிதான். நாக்கு மட்டும் ஜாடிக்கடியில் தங்கும் அந்தக் கருஞ்சாற்றையே கேட்கிறது. தயிர்சாதத்துக்கு அதற்கு மேல் ஒன்று வேண்டுமா!

காய் கொண்டுவரும் அம்மா தலைக்கூடையை இறக்கித் திண்ணையில் உட்கார்ந்ததும் ஆயா முதலில் மோர் கொடுப்பார். ஒருமுறை அந்த அம்மா ஊறுகாயை வழித்து நக்கிவிட்டு, "நல்லாருக்குதும்மா. ஆனா இத தேன்ல போட்டுப் பாரு, வெல்லமே கேக்காது" என்றார். மறுமுறை தேனும் வந்தது, பொந்துத்தேன். காயில் ஈரம் இருந்தால் தேன் புளித்து நுரைக்கும், நிழலில் ஒரு நாள் உலர்த்திப் போடு என்று பக்குவமும் அவரே சொன்னார். எங்கள் வீட்டுத் தேன்நெல்லியின் கைமணம் ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த அந்த அம்மாவுடையது.

மலையின் அந்தப் பகுதியில் மூன்று நாடுகள்: புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு. புளி, தேன், கடுக்காய், சாமை எல்லாம் அங்கிருந்து மூட்டையாகவே இறங்கின. திருப்பத்தூரின் அரசுச் சந்தனக் கிடங்கு பற்றி நினைக்கும்போதும் இதுதான் உறுத்துகிறது. மலையில் வளர்ந்த மரம் கீழே ஏலம்போய், எங்கோ எண்ணெயானது. மணத்தில் மலைக்குப் பங்கில்லை. நெல்லிக்கும் அப்படியே. கூடைக்குக் கிடைத்த காசோடு அந்த அம்மா மலையேறிவிடுவார். ஊறுகாய் நன்றாயிருக்கிறது என்ற பேர் எங்களுக்கு.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இத்தகைய சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழ்பவர்களுக்கு உரிமை தந்தது. அவற்றைப் பழங்குடி ஊர்களிலேயே பக்குவப்படுத்தி விற்கவென்று 2018-இல் வன் தன் திட்டம் வந்தது. சட்டம் காயைக் கொடுத்திருக்கிறது. ஜாடியும் அவர்கள் கைக்குப் போகவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். முகப்புச் சீட்டில் புதூர்நாடு என்ற பேரோடு ஒரு பாட்டில் வந்தால், விலை பார்க்காமல் வாங்குவேன்.

நெல்லி அங்கே இருக்கிறது, தேன் இருக்கிறது, பக்குவம் தெரிந்த கைகளும் இருக்கின்றன. வெல்லமும் நல்லெண்ணெயும் கீழிருந்து பேருந்தில் ஏறினால் போதும். பறித்த அன்றே காய் உப்புநீரில் விழும். சாக்கில் அடிபட்டுக் கன்றிப்போகாது.