பார்சிலோனாவில் ஒரு பகல்

கப்பலில் வேலை பார்ப்பவன் உலகம் சுற்றியவன் என்று ஊரில் நினைப்பார்கள். உண்மையில் நான் சுற்றியது எந்திர அறையைத்தான். பெட்டகக் கப்பல்கள் துறைமுகத்தில் நிற்பது சில மணி நேரம். அந்த நேரத்திலும் பழுதுபார்க்கும் வேலை காத்திருக்கும். 2008 மே மாதத்தின் நடுவில், சரக்கு இறக்குவது தாமதமானதால், பார்சிலோனாவில் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை எனக்கு விடுப்பு கிடைத்தது. பதினோரு ஆண்டுக் கடல் வாழ்க்கையில் கரையில் நான் கழித்த முழுப் பகல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் மறக்காமல் நிற்பது இது ஒன்றுதான்.

மாலுமிகளை ஏற்றிச்சென்ற வேன் கொலம்பஸ் தூணருகே இறக்கிவிட்டது. 1888ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியை ஒட்டி எழுப்பிய தூண். உச்சியில் நிற்கும் கொலம்பஸ் கையை நீட்டி அமெரிக்காவைக் காட்டுகிறார் என்பார்கள். ஆனால் அமெரிக்கா மேற்கே இருக்கிறது; கை நீண்டிருப்பதோ கிழக்கும் தெற்குமாக விரியும் கடலை நோக்கி. திசை பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒரு சிறு வேடிக்கை. அங்கிருந்து ராம்ப்லா வீதி தொடங்குகிறது. அதன் மேல்முனையில் கனலேத்தஸ் என்ற குடிநீர்க் குழாய்த் தூண். இதன் தண்ணீரைக் குடித்தவன் மீண்டும் பார்சிலோனாவுக்கு வருவான் என்பது ஐதீகம். நானும் இரண்டு கை அள்ளிக் குடித்தேன். நகரத்தின் அலங்கார நீரூற்றுகள் வறண்டு கிடந்ததை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு கௌதியின் சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தை வெளியே நின்று பார்த்தேன். 1882இல் தொடங்கிய கட்டடம். கௌதி 1926இல் டிராம் மோதி இறந்தார். நான் பார்த்தபோதும் கோபுரங்களுக்கு நடுவே பாரந்தூக்கிகள் நின்றிருந்தன. எங்கள் மேட்டூர் அணையை 1925இல் தொடங்கி 1934இல் முடித்துவிட்டார்கள் என்று, தேவையே இல்லாமல், மனம் கணக்குப் போட்டது. ஊரை விட்டு எவ்வளவு தொலைவு போனாலும் எதையும் அணையோடு வைத்து அளக்கும் பழக்கம் மேட்டூர்க்காரனை விடாது.

மதியம் பார்சலோனேத்தா பகுதியில், மீனவர் குடியிருப்பின் குறுகிய தெருவொன்றில், காபி குடிக்க நுழைந்தேன். மேசையில் கிடந்த நாளிதழில் இரண்டு படங்கள். ஒன்றில் ஒரு கப்பல். தொழில் புத்தியில் அதைத்தான் முதலில் பார்த்தேன். இரசாயனம் ஏற்றும் டாங்கர் வகை. மற்றொன்றில் வெடித்த சேற்று நிலத்தின் நடுவே தனித்து நிற்கும் ஒரு கல் கோபுரம்.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். இளமையில் கப்பல் சமையற்கட்டில் இருந்தவராம்; ஆங்கிலம் ஓரளவு வந்தது. அவர்தான் சொன்னார். அந்தக் கப்பல் கொண்டுவந்தது எண்ணெய் அல்ல, குடிநீர். மழை பொய்த்து அணைகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டதால், மே 13ஆம் தேதி தாராகோனாவிலிருந்து முதல் தண்ணீர்க் கப்பல் வந்திருக்கிறது. அடுத்து பிரான்சின் மார்செய்யிலிருந்தும் வரப்போகிறது. அந்தக் கோபுரம், தெர் ஆற்றின் குறுக்கே 1960களில் கட்டிய சாவு அணையில் மூழ்கிய சான்ட் ரோமா என்ற ஊரின் தேவாலயம். 11ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பார்சிலோனா குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அந்த ஆற்றுடையது.

காபி ஆறிக்கொண்டிருந்தது. நான் காகிதக் கைக்குட்டையில் பேனாவால் ஒரு நந்தியையும் இரட்டைக் கோபுரத்தையும் வரைந்து அவரிடம் நீட்டினேன்.

என் அம்மாயி பிறந்த ஊர் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. அணை எழும்பியபோது அவளுக்குப் பத்து வயது. ஊரைக் காலி செய்து மேட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். பண்ணவாடிப் பரிசல்துறைக்கு அருகே, நீர்மட்டம் 70 அடியை ஒட்டிச் சரியும்போது, ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தியின் தலை தெரியும். தேவாலயத்தின் கோபுரம் அதற்கும் முன்பே தெரிந்துவிடும். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நாளிதழில் அன்றாடம் வரும் நீர்மட்டத்தைத் தஞ்சாவூரிலிருந்து சேலம் வரை எல்லோரும் ஏற வேண்டும் என்றே பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் ஒருத்தி மட்டும் அது இறங்குவதற்குக் காத்திருந்தாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. "எத்தன அடி கண்ணு?" என்று மட்டும் கேட்பாள்.

2003 கோடையில் அவளை அழைத்துப் போனேன். மூழ்கிய நிலத்தில் யாரோ சோளம் விதைத்திருந்தார்கள். நந்தியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நாற்பது ஐம்பது அடி நடந்து, ஒரு வெற்றிடத்தில் நின்று, "இங்கதான் அடுப்பு இருந்துச்சு" என்றாள். அங்கே எதுவுமே இல்லை. 2005இல் அணை நிரம்பி வழிந்தது. ஊரே பதினாறு கண் மதகைப் பார்க்கப் போயிருந்தது. அம்மாயி வீட்டிலேயே இருந்தாள். அடுத்த ஆண்டு இறந்துபோனாள்.

இதையெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது கடைக்காரர் தன் கதையைச் சொன்னார். அவர் எப்ரோ ஆற்றின் கழிமுகத்தைச் சேர்ந்தவர். அங்கேயும் நெல் வயல்கள்தான். எப்ரோ பாசனத் தண்ணீரைக் குழாய் வழியே பார்சிலோனாவுக்குக் கொண்டுவர அதற்கு முந்தைய மாதம்தான் ஸ்பெயின் அரசு ஒப்புதல் அளித்திருந்தது. கழிமுகத்தில் எதிர்ப்புக் கிளம்பியிருந்தது. "என் அண்ணன் அங்கே நெல் விதைக்கிறான். என் பேத்தி இங்கே குளிக்கிறாள். நான் யார் பக்கம்?" என்று கேட்டார். காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கி ஓராண்டு கடந்திருந்த நேரம். அதைப் பற்றிக் கப்பலில் கன்னடத் தோழர்களோடு மணிக்கணக்கில் வாதிட்டவன் நான். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. காபிக்கு அவர் காசு வாங்கவில்லை.

மாலை கப்பலுக்குத் திரும்பும்போது வானம் இருண்டிருந்தது. அந்த மே மாதம் அங்கே நல்ல மழை பெய்ததையும், எப்ரோ திட்டத்தை அரசு கைவிட்டதையும் பிறகு படித்தேன்.

கடலை விட்டுச் சென்னையில் குடியேறிய பின், 2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வந்த அந்தத் தண்ணீர் மேட்டூர்க் காவிரி. எங்கள் தெருவிலும் குடங்களோடு வரிசை நின்றது, நானும் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி, "எந்த ஊர்த் தண்ணியா இருந்தா என்ன, வந்தா சரி" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் குடத்தைத் தூக்கியபோது, அடுப்பு இருந்த இடம் என்று அம்மாயி காட்டிய வெற்றிடம்தான் நினைவுக்கு வந்தது.

2024 பிப்ரவரியில் பார்சிலோனாவில் மீண்டும் வறட்சி நெருக்கடி நிலை அறிவித்தார்கள். சான்ட் ரோமாவின் கோபுரம் அடிவரை வெளியே தெரியும் படம் இங்குள்ள செய்திகளிலும் வந்தது. அந்த ஊரில் பிறந்த யாராவது ஒரு கிழவி அதைப் பார்க்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கனலேத்தஸ் தண்ணீர் குடித்த நான் இன்றுவரை பார்சிலோனாவுக்குத் திரும்பிப் போகவில்லை. காலையில் நாளிதழை விரித்ததும் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டத்தைத்தான். அது ஏற வேண்டும் என்று விரும்புகிறேனா, இறங்க வேண்டும் என்றா என்பது சில நாட்களில் எனக்கே தெரிவதில்லை.