இருண்ட திரை

தாமிரபரணிக் கரையில் அமைந்த முக்கூடல், பீடி சுற்றும் தொழிலால் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஊர். பீடித் தொழிலாளரின் மக்களுக்கு நடுவண் அரசின் தொழிலாளர் துறை கல்வி உதவித்தொகை வழங்குகின்றது. அதற்குரிய விண்ணப்பத்தை இணையத்தின் வழியே அனுப்புதல் வேண்டும். ஆகவே, கணிப்பொறி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் நாடிச் செல்லும் சிறு இணைய நிலையங்கள், இத்தகைய ஊர்களில் பெரும்பணி புரிகின்றன எனலாம்.

அத்தகைய நிலையம் ஒன்றை நடத்துபவர், விண்ணப்பத்திற்குரிய காலம் முடிய 3 நாள்களே இருந்தபோது, தம் கணிப்பொறியை விரைவுபடுத்த எண்ணினார். காலம் அறிந்து செய்த செயல் என்று இதனைச் சொல்வதற்கில்லை. பழைய ரைசன் 3 2200ஜி செயலியை எடுத்துவிட்டு, ரைசன் 5 3600 செயலியை அமர்த்தினார். இரண்டும் ஒரே வகைப் பொருத்துவாயில் அமர்வன; இரண்டிற்கும் 1331 ஊசிக்கால்கள் உண்டு. விசையை அழுத்தினார். மின்விசிறி சுழன்றது. ஆனால் திரை இருண்டே கிடந்தது. விசைப்பலகையின் விளக்கும் எரியவில்லை.

உடனிருந்த இளைஞன், "அண்ணாச்சி, இது பழுதான சரக்குதான், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றான்.

"பொறு தம்பி, முதலில் பழையதை மாட்டிப் பார்ப்போம். அதிலும் படம் வராவிட்டால், பழுது நம் கை பட்ட இடத்தில்தான்" என்றார் அவர்.

செயலிக்கும் வெப்பநீக்கிக்கும் இடையே தடவும் பசை, சூடு ஆறினால் இறுகிவிடும். அப்பொழுது வெப்பநீக்கியை நேரே மேலே இழுத்தால், செயலியும் உடன் பெயர்ந்து வரும். மெல்லிய ஊசிக்கால்கள் வளைந்து போகும். ஆதலின் அதனை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுத்தார். ஊசிக்கால்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒன்றேனும் வரிசை பிறழவில்லை. பழைய செயலி அமர்ந்ததும் திரை ஒளிர்ந்தது. தாய்ப்பலகை, நினைவகம், மின்வழங்கி ஆகியவற்றின்மீது இருந்த ஐயம் அக்கணமே நீங்கிற்று.

அத்திரையிலேயே ஒரு விடையும் இருந்தது. தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் என்னும் தொடக்க நிரல் 2018-ஆம் ஆண்டினது. புதிய செயலியோ 2019 ஜூலையில் வெளிவந்தது. பிறவாத குழந்தையின் பெயர் ஊர்க் கணக்கில் இருக்குமோ? இவ்விடர் முக்கூடலுக்கு மட்டும் உரியதன்று. 2018-இல் இத்தகைய சிக்கல் எழுந்தபோது, செயலியை ஆக்கிய ஏ.எம்.டி. நிறுவனமே, நிரலைப் புதுப்பித்துக்கொள்ளும் பொருட்டு வேறு செயலிகளை இரவலாக அனுப்பி உதவிற்று. முக்கூடல்காரருக்கு அந்த இரவல் தேவைப்படவில்லை. பழைய செயலி கையிலேயே இருந்தது.

ஆயின், நிரலை எழுதும் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றுவிட்டால், தாய்ப்பலகையே பயனற்றுப் போதல் கூடும். அன்று மாலை மின்சாரம் இருமுறை நின்று வந்தது. அவர் துணியவில்லை. மறுநாள் பக்கத்துக் கடையில் யு.பி.எஸ். ஒன்றை இரவல் பெற்ற பின்னரே நிரலை எழுதினார்.

மீண்டும் புதிய செயலி, மீண்டும் இருள்!

"நான் அப்போதே சொன்னேனே, அண்ணாச்சி" என்றான் இளைஞன். அவர் மறுமொழி கூறாது, விசைப்பலகையில் எண்பூட்டு விசையைத் தட்டினார். சிறு விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினார், அணைந்தது. முந்திய நாள் எரியாத விளக்கு அது! பொறி உயிரோடு இயங்குகின்றது; படம் வெளிவருவதற்குத்தான் வழியில்லை என்பது அவருக்குப் புலனாயிற்று. 2200ஜி செயலி, படம் வரையும் பகுதியையும் தன்னுள்ளே கொண்டது. ஈற்றில் நிற்கும் 'ஜி' அதனையே குறிக்கும். ஆற்றலில் மிக்க 3600 செயலிக்கு அப்பகுதி இல்லை. ஓரெழுத்துத்தானே என்று வாங்கும்போது யார் கருதிப் பார்க்கின்றனர்?

மூலையில் கிடந்த பழைய பெட்டியிலிருந்து வரைகலை அட்டை ஒன்றைக் கழற்றிப் பொருத்தினார். திரைக்குச் செல்லும் வடத்தைத் தாய்ப்பலகையினின்று எடுத்து அவ்வட்டையில் செருகினார். படம் வந்தது.

அன்றிரவு 10 மணி ஆகியும் நிலையம் மூடப்படவில்லை. தாயின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையைக் கையில் பற்றியவாறு பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்றனர்.