வீட்டின் பின்னே செல்லும் கார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத்தின் பாலை நிலத்தில், குவார்ட்சைட் என்னும் சிற்றூர் உள்ளது. கொலராடோ ஆற்றைக் கடந்து, பத்தாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சென்றால் அதனை அடையலாம். 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு நிலையாக வாழ்வோர் 2,413 பேரே. ஆயினும் ஜனவரி மாதத்தில் அவ்வூரைக் காண்பவர் இக்கணக்கை நம்பமாட்டார். வடபுலத்துப் பனிக்கு அஞ்சி, கனடாவிலிருந்தும் மினசோட்டா போன்ற வட மாநிலங்களிலிருந்தும் ஓய்வு பெற்ற முதியோர் தம் வீடுகளுடனேயே அங்கு வந்து சேருகின்றனர். ஆம், வீடுகளுடனேயே! சமையலறை, படுக்கை, குளியலறை யாவும் அடங்கிய மோட்டார் இல்லங்கள், கள்ளிச் செடிகளுக்கிடையே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கின்றன.

அவ்வூர் இடுகாட்டில் கூர்ங்கோபுர வடிவில் கல்லால் எழுப்பிய நினைவுச் சின்னம் ஒன்றுண்டு. அதன் உச்சியில் செம்பாலான ஒட்டகம் நிற்கிறது. 1856இல் அமெரிக்கப் படையினர் பாலைவனப் போக்குவரத்துக்கென ஒட்டகங்களைக் கொணர்ந்தபோது, அவற்றை மேய்த்து நடத்த வந்த ஹாஜி அலி என்பவரின் கல்லறை அது. உள்ளூரார் அவர் பெயரை 'ஹை ஜாலி' என மாற்றிக்கொண்டனர். 1902இல் அவர் மறைந்தார். 1935இல் இச்சின்னம் எழுந்தது. ஒட்டகத்தின் பின் ஒட்டகத்தைப் பிணைத்துச் சென்ற காலம் போயிற்று. இன்று அதே வழியில் வீட்டின் பின்னே காரைப் பிணைத்துச் செல்கின்றனர்.

கார் எதற்கு என வாசகர்கள் வினவலாம். பத்து மீட்டர் நீளமுள்ள வீட்டை ஓட்டிக்கொண்டு பால் வாங்கவும் மருத்துவரைக் காணவும் செல்ல இயலுமா? ஆகவே சிறு வாகனம் ஒன்றை இழுத்து வருகின்றனர். வண்டிமேல் ஏற்றி இழுப்போரும், முன் சக்கரங்களை மட்டும் தூக்கி இழுப்போரும் உண்டு. நான்கு சக்கரங்களும் தரையில் உருள, ஓட்டுநர் இல்லாமலே கார் பின்தொடர்ந்து வருவதே பலர் விரும்பும் முறை.

எல்லாக் கார்களும் இதற்கு உகந்தவை அல்ல. பல கார்களின் கியர் பெட்டிக்கு எண்ணெயைச் செலுத்தும் பம்பு, எஞ்சின் சுழன்றால்தான் இயங்கும். எஞ்சின் உறங்க, சக்கரங்கள் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுழன்றால், எண்ணெயின்றிப் பற்சக்கரங்கள் கருகிவிடும். ஜீப் ராங்ளர் போன்றவற்றில், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பெட்டியை 'நியூட்ரல்' நிலையில் வைத்தால் அத்தொடர்பு அறுந்துவிடுகிறது. எனவேதான் குவார்ட்சைட்டில் காணுமிடமெல்லாம் ஜீப்புகள்! வாகனத்தோடு தரப்படும் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்ப்பதே முதற்படி.

அடுத்தது பிணைப்புச் சாதனங்கள். மோட்டார் இல்லத்தின் பின்புறச் சட்டத்தில் சதுரத் துளையுள்ள 'ரிசீவர்' இருக்கும். அதனுள் ஆங்கில எழுத்து 'ஏ' வடிவிலான இழுவைத் தண்டு நுழைகிறது. தண்டின் இரு கரங்களும் காரின் முகப்பிலுள்ள 'பேஸ் பிளேட்' என்னும் இரும்புத் தாங்கியைப் பற்றுகின்றன. இக்காலக் காரின் பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையே. அதில் எதையும் மாட்ட இயலாது. அவ்வுறையைக் கழற்றி, உள்ளேயுள்ள உருக்குச் சட்டத்தில் தாங்கியைப் போல்ட்டுகளால் இறுக்குகின்றனர். ஒவ்வொரு காரின் மாதிரிக்கும், அது வெளிவந்த ஆண்டுக்கும் உரிய தாங்கி தனித்தனி. பெயர் ஒன்றாயினும் ஆண்டு மாறினால் துளைகள் பொருந்தாமற் போகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்குச் சென்றிருந்தபோது, எழுபது வயதைக் கடந்த தம்பதியர் ஒருவரின் விருந்தினனாய்ச் சில நாட்கள் இருந்தேன். அவர்கள் புதிதாய் ஒரு ஜீப்பை வாங்கியிருந்தனர். சந்தைக் கடையொன்றில் பழைய இழுவைத் தண்டும் தாங்கியும் பாதி விலைக்குக் கிடைத்தன. கணவருக்கு அவற்றின்மீது ஆசை. வீட்டின் ரிசீவரில் 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ, என்று பொறித்திருந்தது. தண்டின் வலிமையும் 5,000 பவுண்டே எனக் கடைக்காரர் உறுதி கூறினார். ஜீப்போ 4,650 பவுண்டு. "பிறகென்ன?" என்றார் கணவர்.

மனைவியார் ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. அவர் ஒரு தாளை எடுத்தார். அவர்கள் வீடு அமர்ந்திருந்த ஃபோர்டு அடிச்சட்டத்தின் ஏட்டில், வீடும் இழுக்கப்படுவதும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டலாகாது என எழுதியிருந்தது. நெடுஞ்சாலை எடை மேடையில் நிறுத்தியபோது, தண்ணீரும் தட்டுமுட்டுப் பொருள்களும் நிறைந்த வீடு மட்டும் 21,600 பவுண்டு இருந்தது. எஞ்சியது 4,400. ரிசீவர் 5,000 தாங்கினும், எஞ்சினும் தடுப்புகளும் அவ்வளவைத் தாங்க ஏற்பட்டவை அல்ல. 250 பவுண்டு மிகை! சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியளவே என்பதை அத்தாள் ஐயமற உணர்த்திற்று.

பிறகு பழைய சாதனங்களை வெயிலில் வைத்துப் பார்த்தோம். தண்டின் ஊசித்துளைகள் தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தன. எடையளவைக் காட்டும் ஒட்டுத்தாள் அழிந்திருந்தது. போல்ட்டுகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. போல்ட்டின் தலையே அதன் சான்றிதழ்: மூன்று கோடுகள் ஐந்தாம் தரம்; ஆறு கோடுகள் எட்டாம் தரம். முன்னது சதுர அங்குலத்துக்கு 1,20,000 பவுண்டு இழுவிசையையும், பின்னது 1,50,000 பவுண்டையும் தாங்கும். மெட்ரிக் அளவாயின் 8.8, 10.9 என்ற எண்கள் இருக்கும். கோடோ எண்ணோ இல்லாத போல்ட்டு இப்பணிக்கு உதவாது. தாங்கியைச் செய்தவர் எத்தரத்தை விதித்தாரோ அதையே பூட்டி, விதித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, மரையில் பசையிட்டு, முதற்பயணத்திற்குப் பின் மீண்டும் சோதித்தல் வேண்டும். அதிர்வு, நட்டின் நிரந்தரப் பகைவன்.

தண்டு தரைக்குச் சமமாக நிற்பதும் இன்றியமையாதது. இருமுனைகளின் உயர வேறுபாடு மூன்று அங்குலத்துக்கு மேற்பட்டால், திடீரென நிறுத்துகையில் கார் முன்வாகனத்தின்மேல் ஏற முற்படும். உயரத்தைச் சரிசெய்யும் இணைப்பைச் செருகினால் அதற்குரிய எடையளவையும் பார்க்கவேண்டும். இவற்றோடு குறுக்காகக் கட்டிய இரு பாதுகாப்புக் கம்பிவடங்கள், விளக்குகளுக்கான மின்கம்பி, காரின் தடுப்பையும் உடன் அழுத்தும் கருவி, பிணைப்பு அறுந்தால் காரைத் தானே நிறுத்தும் விசை ஆகியனவும் தேவை. இன்னொன்று: இவ்வாறு பிணைத்தபின் பின்னோக்கிச் செலுத்தலாகாது. காரின் முன்சக்கரங்கள் குறுக்கே திரும்பி, தண்டையும் தாங்கியையும் முறித்துவிடும்.

அன்று மாலை வரை கணவர் வாதாடினார். "இத்தனை பேர் இப்படித்தானே போகிறார்கள்?" என்றார். மனைவியார், "கார் அறுந்தால் நமக்கு ஒன்றும் ஆகாது, நம் பின்னால் வருபவருக்குத்தான் ஆகும். அவர் நம் கணக்கைப் பார்த்ததில்லை" என்று மெல்லக் கூறினார். கணவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் அச்சாதனங்களை வாங்காது விட்டனர். தம் ஜீப்பின் ஆண்டுக்குரிய புதிய தாங்கியும், 8,000 பவுண்டு தாங்கும் தண்டும் வாங்கினர். தண்டின் வலிமை கூடியதால் 26,000 என்னும் எல்லை கூடாது. ஆகையால் இனித் தொட்டியில் 50 காலன் தண்ணீரைக் குறைத்துச் செல்வதென்றும் முடிவு செய்தனர். ஒரு காலன் நீரின் எடை 8.3 பவுண்டு. மிகை நீங்கி, 165 பவுண்டு மிச்சமும் கிடைத்தது.

பிப்ரவரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் வீடுகள் ஒவ்வொன்றாய் வடக்கே புறப்படும். பத்தாம் எண் நெடுஞ்சாலையில் அவை விரைகையில், பின்னே வரும் கார்களில் ஓட்டுநர் இல்லை; அவற்றுக்கு அப்பால் வரும் கார்களிலோ குழந்தைகள் உறங்கிக்கொண்டிருப்பர். எவரும் காணாத இடத்தில் முறுக்கப்பட்ட சில போல்ட்டுகளே அவ்விரண்டுக்கும் இடையே காவல் நிற்கின்றன.