எத்துறையைத் தெரிவது?

வர்த்தகப் பிரிவிற் பயின்று முகாமைத்துவப் பீடம் புகும் நம் கல்லூரி மாணவர்க்குத் தொடக்கத்திற் பெரிய இடர் எதுவுமில்லை. கணக்கியல், பொருளியல், புள்ளிவிபரவியல் என யாவரும் பெரும்பாலும் ஒன்றையே கற்பர். அதன் பின்னரே சிறப்புத்துறை ஒன்றைத் தெரிந்து படிவத்தில் எழுதுக என்பர். கணக்கியலா, நிதி முகாமைத்துவமா, சந்தைப்படுத்தலா, மனிதவள முகாமைத்துவமா? அவ்வொரு சொல்லில் வாழ்நாளே அடங்கியுள்ளதென்று இல்லத்தார் அஞ்சுவர்.

யாழ்ப்பாணத்து இல்லங்களில் இவ்வினாவுக்கு விடை முன்னரே ஆயத்தமாயிருக்கும்: கணக்கியல். அதற்குத் தக்க காரணமும் உண்டு. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959 இற் சட்டத்தால் அமைந்தது. அதன் பட்டயம் பெற்றோர்க்குக் கொழும்பிலும் கடல் கடந்தும் மதிப்புண்டு. 1494 இல் வெனிஸ் நகரில் அச்சேறிய லூக்கா பசியோலியின் நூல் விளக்கிய இரட்டைப் பதிவு முறையே இன்று கணனிக்குள்ளும் இயங்குகின்றது. ஐந்நூறு ஆண்டு கடந்தும் நிலைத்த கலையை யார் இகழ்வர்? யானும் நாற்பதாண்டு அதனாலேயே உண்டேன்.

ஆயினும், என் தம்பியின் மைந்தன் சென்ற ஆண்டு என்னிடம் வந்து, "பெரியப்பா, எனக்குக் கணக்கு வரும், நாள் முழுவதும் அதனோடிருக்க மனம் வராது. அப்பா கேட்கிறாரில்லை" என்றபோது, தந்தையின் பக்கம் நின்று பேச என்னால் இயலவில்லை. தம்பியையும் குறை கூறேன். சிறு கடையொன்றால் மூன்று பிள்ளைகளை வளர்ப்பவனுக்குப் பட்டம் என்பது மாதச் சம்பளம். எனினும், யான் முன்னர்ப் பணிபுரிந்த வணிக நிலையமொன்றில் ஐந்தொகை ஆண்டுதோறும் சதம் பிசகாது பொருந்தும். நல்ல வேலையாட்கள் மட்டும் ஒருவர்பின் ஒருவராய் விலகினர். ஏன் போகின்றீர் என்று கேட்பதற்கு அங்கு எவரும் இலர். பேரேட்டில் அதற்கு ஒரு பக்கமும் இல்லை.

அக்கேள்வியைக் கேட்கும் துறையையே அவன் விரும்பினான். 1924 இற் சிக்காகோ அருகே ஹோதோர்ன் தொழிற்சாலையில் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்த ஆய்வுகளின் முடிவுகளைப் பின்வந்தோர் மறுத்தும் எழுதினர். ஆனால் தொழிலாளியின் மனநிலையும் ஆராயத்தக்கதென்ற எண்ணம் அவற்றால் வலுப்பெற்றது.

அவனுக்கு யான் சொன்னவை, இம்மலரை வாசிக்கும் உயர்தர வகுப்பு மாணவர்க்கும் உதவலாம். துறையின் பெயர் கேட்டு மயங்காதே; இறுதியாண்டுப் பாடப் பட்டியலை வாங்கி, பரீட்சை இல்லாவிடினும் எதைப் படிப்பாய் என்று பார். தொழிற் பயிற்சிக்கு எங்கே சென்றனர், அங்கே என்ன செய்தனர் என்று மூத்த மாணவரிடம் கேள். எத்துறை புகினும் கணக்கைக் கைவிடாதே. வரவு செலவு வாசிக்கத் தெரியாத முகாமையாளனை எழுதுவினைஞனும் ஏய்ப்பான். (இது யான் எழுதுவினைஞனாயிருந்தபோது கண்டது.)

அவன் மனிதவள முகாமைத்துவத்தை முதலிலும் கணக்கியலை அடுத்ததாகவும் எழுதிக் கொடுத்தான். பட்டயக் கணக்காளர் பரீட்சையின் முதற்படிக்கும் பதிந்துள்ளான், அது தந்தைக்காக. தம்பி என்னோடு மூன்று கிழமை பேசவில்லை. இப்போது பேசுகின்றான், பிள்ளையின் படிப்பைப் பற்றி மட்டும் அல்ல.