தளிர்ப் புல்லைத் தொடாத மேய்ப்பர்கள்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணைப் பாசனத்தில் நெல் அறுத்த வயலொன்றில் கிடை போட்டிருந்தார்கள். செம்மறிகள், கூடவே கொஞ்சம் வெள்ளாடுகள். நான் போய்ச் சேர்ந்தபோது இன்னும் விடியவில்லை. அதற்குள் மந்தையை மேய்க்கும் பெரியவர் ஒருமுறை எழுந்து, படுத்திருந்த மந்தையைக் கோலால் தட்டி எழுப்பி, பட்டிக்குள்ளேயே நாலு தப்படி தள்ளிப் படுக்கவைத்திருந்தார். எழுந்த ஆடு உடனே புழுக்கை போடும், மூத்திரம் பெய்யும். எழுப்பாமல் விட்டால் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து, பின்னால் வைக்கிற பயிர் ஒரு திட்டில் கருகருவென்றும் அடுத்த திட்டில் வெளுத்தும் நிற்கும். நிலத்துக்காரர் காசு கொடுப்பது சீராக விழும் எருவுக்குத்தான். நடுச்சாமத்துத் தூக்கக்கேடு இந்தத் தொழிலில் பாதி.

ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்பார்கள். தொழு எருவில் தழைச்சத்து அரை சதவீதம் என்றால் ஆட்டு எருவில் ஏறக்குறைய 3 சதவீதம் என்கிறது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. கிடையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் வழக்கமாக இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சத்து எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. பகலெல்லாம் கரட்டிலும் ஏரி உள்வாயிலும் மேய்க்கால் புறம்போக்கிலும் தின்ற புல்தான் இரவில் வயலில் விழுகிறது. வயலில் கூடுவது மேய்ச்சல் நிலத்தில் கழிகிறது. அந்த நிலத்தைத் தேறவிடுவதும் மேய்ப்பவரின் வேலையில் சேர்த்தி. அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, கணக்கிலும் எழுதுவதில்லை.

மழைக்காலத்தில் மந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன்.

“மொத மழைக்கு மொளைக்கிற புல்லு வெறும் தண்ணி தம்பி. பச்சையப் பாத்துட்டா ஆடு அடங்காது. ராத்திரி நல்லாத்தான் படுத்துங்கெடக்கும், விடியசொல்ல துள்ளி வுழுந்து செத்துப்பூடும்” என்றார்.

துள்ளுமாரியைச் சொல்கிறார். ஆட்டின் குடலில் எப்போதும் இருக்கிற ஒரு நுண்ணுயிர், இளம்புல்லை மிஞ்சித் தின்றதும் மளமளவெனப் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். பெரியவர் ஊசியும் போடுகிறார். அதோடு, கரடு பச்சை கட்டும் நாட்களில் மந்தையை அந்தப் பக்கமே திருப்பாமல், காய்ந்த தட்டையும் வேலங்காயும் தின்னக் கொடுத்து நாளைக் கடத்துகிறார்.

இப்படித் தள்ளிப்போடுவதில் புல்லும் பிழைக்கிறது. வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் புல் முதல் இலையை விடுகிறது. அதைக் கடித்துவிட்டால் அடுத்த இலைக்கும் வேரிலிருந்தே எடுக்க வேண்டும். அடுத்தடுத்து இப்படி நடந்தால் வேர் சுருங்கி, அந்தத் தூர் வரும் கோடையைத் தாண்டாது. கதிர் விட்டு விதை சிந்திய பிறகு மேய்த்தால், ஆட்டின் குளம்பே விதையை மண்ணில் மிதித்து ஊன்றிவிடும். ஆட்டின் உயிரைக் காக்க அவர் கற்றது நிலத்தின் உயிரையும் காக்கிறது. மேய்ச்சல் நில மேலாண்மை என்று பெரிய திட்டங்கள் சொல்வதன் உயிர்நாடி இதுதான். பள்ளிக்கூடப் பக்கம் போகாத ஒருவர் வருஷா வருஷம் அதைச் செய்துகொண்டிருக்கிறார்.

நிலம் கெடுவதையும் அவர் செடியை வைத்தே சொல்லிவிடுகிறார். கொழுக்கட்டைப்புல் தூர் தூராக நிற்கும்வரை கவலை இல்லை. ஊசிப்புல் ஏறினால் கவனிக்க வேண்டும். ஒரு செம்மறியைப் பிடித்து மடியில் சாய்த்து, தொடையோரம் மயிரை விலக்கிக் காட்டினார். ஊசிப்புல்லின் கூர்முனை தோலுக்குள் இறங்கி, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்து மஞ்சள் வைத்தார். ஆவாரையும் எருக்கும் மட்டும் பச்சையாக நின்றால் அந்த இடத்தில் ஆட்டுக்கு வேலை இல்லை. பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் வந்து அடைத்துவிட்டால் மழை பெய்தும் மேய்ச்சல் கிடையாது.

மேலே கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் போனால் கதை வேறு. இந்த மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடிகளின் உழவுக்காடும், ஏர் ஓடாத சரிவில் மண்வெட்டியால் கொத்தி விதைத்த கொத்துக்காடும், ஆடுமாடு மேய்ந்த காடும் அதற்குப் பிறகுதான் அரசுக் கணக்குக்குள் வந்தன. சாராயச் சாவுகள் நடந்தால் மட்டும் இந்த மலையை நினைப்பவர்கள் இந்த நில வரலாற்றைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மலையில் சாமை குறைந்து மரவள்ளி ஏறியிருக்கிறது. சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகிறது, கையில் காசு நிற்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சாமை அறுத்தால் தாள் மாட்டுக்கு, அறுத்த காடு ஆட்டுக்கு. மரவள்ளி பத்து மாதம் நிலத்தை அடைத்து நிற்கும். அதன் இலையில் சயனைடு நஞ்சு உண்டு, பசியோடு பாய்ந்து தின்ற ஆடு பிழைப்பது அரிது. கிழங்கு பிடுங்கும்போது சரிவில் மண் பொலபொலவென்று உதிரும். அந்த மண் மழையில் கரைந்து ஓடையோடு இறங்கி, கடைசியில் அணையில் வண்டலாகப் படிகிறது.

“காட்டச் சுத்தி எல்லாம் கெழங்குண்ணா. ஆட்ட எங்க ஓட்டறது? ஃபாரஸ்ட்டுக்குள்ளதான் ஓட்டணும், அங்க போனா வெரட்டுறாங்க” என்றார் ஆறேழு ஆடு வைத்திருக்கும் ஒரு பெண். அவர் கையில் துரட்டி இருந்தது. பேசிக்கொண்டே ஒரு வேலங்கிளையை வளைத்து உலுக்கினார். கிளை ஒடியவில்லை, காய் மட்டும் விழுந்தது.

மலைகளில் மண்ணைக் காக்க அரசு முயலாமல் இல்லை. ஜப்பான் கடனுதவியோடு 1997-ல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் ஊர்தோறும் கிராம வனக்குழுக்களை அமைத்து, மரம் நட்டு, தடுப்பணை கட்டியது. ஊர் மக்களைக் காட்டோடு சேர்த்துப் பார்த்த அந்த எண்ணம் நல்லது. ஆனால் இதுபோன்ற திட்டங்கள் மரக்கன்றை மனதில் வைத்து வரையப்பட்டவை. கன்றைக் கடிக்கிற ஆடு அவற்றில் எதிரி. எந்தச் சரிவை எப்போது மூடினால் எது பிழைக்கும் என்று அறிந்த ஆட்டுக்காரரை அழைத்து உட்காரவைக்க அங்கே இடம் இருப்பதில்லை. 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலைத் தடைசெய்து, அதே மாதத்தில் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களோடு நிறுத்திக்கொண்டது. ஆட்டுக்காரர்களின் மனதில் பதிந்தது முதல் உத்தரவுதான்.

புல்லைப் பயிராகவே வளர்க்கிற வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளின் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் நிற்க, சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலியாக ஓடும். காட்டைத் துண்டுகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். காங்கேயம் மாட்டின் உடம்பு அந்தப் புல்லில் ஊறியது. ஆனால் அது பட்டா நிலம், ஒருவர் முடிவெடுத்தால் போதும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1986-ல் தொடங்கிய லேண்ட்கேர் இயக்கத்தில், பக்கத்துப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குழுவாகக் கூடி மண்ணரிப்பையும் களையையும் உவர்ப்பையும் எதிர்கொண்டார்கள். அவர்களும் நிலச் சொந்தக்காரர்கள். கல்வராயனில் ஆடுகள் மேய்வது பொதுநிலத்தில், அவற்றை வைத்திருப்பவர்களோ பெரும்பாலும் நிலம் குறைந்தவர்கள். வேலி போட்டு மூடினால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். இங்கே ஊர் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும்.

சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்கிறது. காட்டு வளத்தை யார், எப்படிப் பயன்படுத்துவது என்று முறைப்படுத்தும் அதிகாரத்தையும் கிராம சபைக்குத் தருகிறது. ஆட்டுக்காரர்கள் அந்தச் சபைக்கு வருகிறார்களா, வந்தால் பேசவிடுகிறார்களா என்பதுதான் கேள்வி. துரட்டி பிடித்த பெண்கள் பேசுகிறார்களா என்பதை இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மே 1 கிராம சபை நாள். கோடையின் உச்சம், தென்மேற்கு மழைக்குச் சில வாரங்கள் மட்டுமே இருக்கும். எந்தச் சரிவுக்கு இந்த ஆண்டு ஓய்வு, எத்தனை வாரம், அதுவரை ஆடுகள் எங்கே போகும், காவலுக்கு யார், அவருக்குக் கூலி யார் தருவது என்று தீர்மானமாக எழுத அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. துள்ளுமாரி ஊசி முகாமையும் அன்றே கேட்டு வாங்கலாம். ஊசி போட வரும்போது ஊரின் ஆட்டுக் கணக்கும் தெரிந்துவிடும். அந்தக் கணக்கு இல்லாமல் எந்தச் சரிவையும் மூடக் கூடாது என்றுதான் நான் சொல்வேன். முதல் தீர்மானத்தை முன்மொழிகிறவர் மந்தை மேய்ப்பவராக இருக்கட்டும்.