இணைப்புக் கொக்கி

மன்னாரில் நண்பர் சிலர் கூடி, புகையிரதத்தை 160-இல் ஒரு பங்காகச் சிறுக்கி மேசைமேல் ஓட்டிவருகிறோம். பெட்டிகளின் பழைய கொக்கிகளை அறுத்தெடுத்துப் புதியவற்றைத் திருகிப் பொருத்துவதே இதில் கடினமான வேலை. இரு கொக்கிகளும் சம உயரத்தில் நின்றாலன்றி இணைப்பு நிலைக்காது. சற்றே தாழ்ந்தாலும் வளைவில் கழன்றுவிடும். ஆகவே, தாழ்ந்த பெட்டிக்கும் அதன் சக்கரக்கூட்டுக்கும் இடையே மெல்லிய தகடு செருகி உயர்த்துகிறோம்.

நமது கரையின் வரலாற்றில் அந்தச் சமன் இருந்ததா? 1914 முதல் தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் கப்பல் இணைத்தது. அங்கே 1000 மில்லிமீட்டர் இருப்புப்பாதை, இங்கே 1676. புகையிரதங்கள் கரையோடு நின்றன. மனிதரே இறங்கி ஏறினர். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது ஏழைகள் இவ்வழியே கொண்டுவரப்பட்டனர். 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அம்மக்களைக் கேளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. குடும்பங்கள் துண்டாடப்பட்டன.

போரினால் 1990-இல் நின்றுபோன நமது பாதை 2015-இல் மீண்டது. இராமேசுவரத்திலும் இன்று அகலப்பாதையே. இரு கரைத் தண்டவாளங்களும் ஓர் அகலமாயின. ஆனால் உழைப்பவனைச் சமமாக நிறுத்தாத உறவு எதுவாயினும் அடுத்த வளைவிலே கழன்றுவிடும். தண்டவாளத்தை அளந்தவர்கள் இனி மனிதனையும் அளக்கட்டும்!