கொம்பைலருக்குத் தெரியாத காத்து

தங்கச்சிக்குப் பல்கலைக்கழகத்தில் ஒப்பரேட்டிங் சிஸ்டம் பாடம். பின்டோஸ் எண்ட சின்னக் கேர்னலில் வேலை செய்யிறாள். மாணவர்கள் படிக்கிறதுக்காக 2004இல் ஸ்டான்போர்டில் பென் பாஃப் உருவாக்கினது அது. லீவுக்குப் பேசாலைக்கு வந்தவள் மூண்டு நாளா லப்டொப்போடயே இருந்தாள். பிறகு, "அக்கா, எனக்கு இந்தப் படிப்புச் சரிவராது, வேற பாடத்துக்கு மாறப்போறன்" எண்டாள்.

பிரச்சினை இதுதான். ஒப்டிமைசேஷன் இல்லாமல், அதாவது ஓ0 போட்டுக் கொம்பைல் பண்ணினால் டெஸ்ட் பாஸ். அதே கோடை ஓ2 போட்டுப் பண்ணினால் கேர்னல் அப்படியே நிண்டிடுது. நடுவில ஒரு பிரின்ட்எஃப் போட்டால் திரும்ப ஓடுது! இதைப் பார்த்தால் ஆருக்கும் தன்னிலதான் சந்தேகம் வரும்.

அவள் எழுதினது, டைமர் எண்ணிக்கை மாறும்வரை காத்திருக்கிற ஒரு லூப். எங்கட ஊர் வழியில சொல்லிப் பார்ப்பம். வாடியில நிக்கிற ஒருத்தனிட்ட, "கொடி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிரு" எண்டு சொல்லுறம். அவன் ஒருக்காப் பார்க்கிறான். 'வாடிக்குள்ள ஒருத்தரும் கொடியைத் தொடேல்லை, பிறகேன் திரும்பிப் பார்க்கவேணும்?' எண்டு உள்ளேயே இருந்திடுறான். வெளியில சோளகம் போய் வாடை வந்தாலும் அவனுக்குத் தெரியாது. ஓ2வில் கொம்பைலரும் இதைத்தான் செய்யுது. லூப்புக்குள்ள எண்ணிக்கையை ஆரும் மாத்தேல்லை எண்டு ஒருக்கா மட்டும் வாசிக்குது. மாத்திறது இன்டரப்ட், அதுதான் காத்து. பிரின்ட்எஃப் போட்டால், அதுக்குள்ள என்ன நடக்கும் எண்டு தெரியாததால கொம்பைலர் திரும்ப வாசிக்குது.

பின்டோஸின்ர சொந்த டைமர் கோடிலேயே இப்படியொரு லூப்புக்குள்ள 'பேரியர்' போட்டிருக்கினம். அதைக் காட்டினன். அவளும் போட்டாள், ஓ2விலும் ஓடிச்சுது.

இது மாணவர்களுக்கு மட்டும் வாற சிக்கல் இல்லை. 2009இல் லினக்ஸின் டன் டிரைவரில், ஒரு பொயின்டரைப் பயன்படுத்தின பிறகுதான் அது நல் ஆ எண்டு பார்த்திருந்தினம். 'பயன்படுத்தியாச்சு, அப்ப நல் ஆக இருக்காது' எண்டு ஜிசிசி அந்தச் சோதனையையே தூக்கிட்டுது. அது பாதுகாப்பு ஓட்டையாப் போச்சு. அதுக்குப் பிறகு அப்படித் தூக்கவேண்டாம் எண்டு ஒரு செட்டிங்கோடதான் லினக்ஸ் கேர்னலைக் கொம்பைல் பண்ணுகினம்.

பாடம் மாறுற கதையைத் தங்கச்சி பிறகு எடுக்கேல்லை. உங்களுக்கும் ஓ0வில் ஓடி ஓ2வில் நிண்டால், படிப்பை விட முதல் ஒண்டைத் தேடுங்கோ: கொம்பைலருக்குத் தெரியாமல் இந்த மாறியை ஆர் மாத்தினம்?